ஊர் மரத்தில் அரிவாள் வைக்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்கான வழிமுறை

ஏரிக்கரைப் புளியமரத்தின் கிளை மின்கம்பியில் உரசும். மந்தைவெளி வேம்பு தை மாதத்தில் காய்ந்துபோய் நிற்கும். பள்ளிக்கூடச் சுவரை அரசமர வேர் நெருக்கும். இப்படி ஏதாவது வந்ததும் ஊரில் நாலு பேர் கூடி, மிஷின் ரம்பக்காரரைக் கூப்பிட்டு, அரை நாளில் மரத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். மறுநாள் வி.ஏ.ஓ. வந்து மகஜர் எழுதும்போதுதான் அது யாருடைய மரம் என்ற கேள்வியே எழுகிறது. அந்தக் கேள்வியை ரம்பம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டால், பாதி மரங்களை வெட்டவே வேண்டியிருக்காது. கிளை கழித்தால் போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புல எண்ணிலிருந்து தொடங்குங்கள்

மரம் நிற்கும் இடத்தின் புல எண்ணையும் உட்பிரிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சிட்டாவும் அ-பதிவேடும் பார்க்கலாம். பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கென்றால் எந்த வகை என்பது அ-பதிவேட்டில் இருக்கும். மரம் எல்லைக் கோட்டின் மேல் நின்றால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நில அளவரை வைத்து அளந்த பிறகுதான் அடுத்த வேலை. இரண்டு அடி வித்தியாசத்தில் சொந்த மரம் அரசு மரமாகிவிடும்.

புறம்போக்கு என்று தெரிந்ததும் அது எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மந்தை, களம், சுடுகாடு போன்றவை பெரும்பாலும் ஊராட்சியின் பராமரிப்பில் இருக்கும். ஏரி என்றால் ஆயக்கட்டை, அதாவது அதன் பாசனப் பரப்பைப் பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. சாலையோரப் புளிக்கு அந்தச் சாலையை வைத்திருப்பவர் பொறுப்பு: மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், அல்லது ஒன்றியம். பெயின்டில் எண் எழுதிய மரம் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறிய மரம் என்று அறிந்துகொள்ளுங்கள். கோயில் நிலத்து மரம் கோயிலின் சொத்து. அறநிலையத் துறையின் கோயிலாக இருந்தால் பூசாரியோ ஊர்க் கவுண்டரோ சம்மதித்தது போதாது, செயல் அலுவலர் வழியாகத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் அதிகம் குழப்பம் தருவது 2-சி பட்டா. பாட்டனார் நட்ட புளியமரம் புறம்போக்கில் நிற்கும், குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் புளி உலுக்கி வரும். அந்த அனுபவ உரிமைதான் கிராமக் கணக்கு 2-சியில் மரப் பட்டாவாகப் பதிவாகிறது. காய் உங்களுடையது, நிலம் அரசுடையது. மரத்தை வெட்டி விற்கும் உரிமை அந்தப் பட்டாவில் இல்லை. மரம் பட்டுப்போனாலும் வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்து, தாசில்தார் உத்தரவு வந்த பிறகே அகற்ற வேண்டும். ஊராட்சியிலோ நெடுஞ்சாலையிலோ புளி ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கும் இதே அளவுதான். காய் எடுக்கலாம், கொம்பை வெட்டக் கூடாது. கழியால் ஓங்கி அடித்து நுனிக் கொப்புகளை முறித்துவிட்டால் அடுத்த பருவக் காய்ப்பு குறைவதும் அவர் தலையில்தான் விழும்.

எந்த மரத்துக்கு எந்தச் சட்டம்

சந்தனத்தில் தவறு செய்ய இடமே இல்லை. சித்தேரி, கோட்டப்பட்டி, அஞ்செட்டி பக்கம் பறவை எச்சத்தில் விழுந்த விதை, பட்டா நிலத்து வேலியில் தானாக முளைத்து வரும். பட்டா நிலத்துச் சந்தன மரத்துக்கு 2008-ஆம் ஆண்டு தனி விதிகள் உண்டு. உரிமை நிலத்துக்காரருடையது. ஆனால் வெட்டுவது, கொண்டுபோவது, விற்பது எல்லாம் வனத்துறை வழியாகத்தான். விற்ற பணத்தில் உரிய பங்கு உங்களுக்கு வரும். காற்றில் விழுந்த மரமும் பட்டுப்போன மரமும் இதில் அடக்கம். மரம் இருப்பதை வனச்சரகருக்கு எழுத்தில் தெரிவித்து, அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். திருட்டுப் போனால் உங்கள் மேல் சந்தேகம் திரும்பாமல் காப்பது அந்தக் காகிதம்தான். இன்னொன்று, சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றித்தான் வாழ்கிறது. வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று சுற்றியுள்ள செடிகளை வேரோடு பிடுங்கினால் சந்தனம் சில மாதங்களில் வாடத் தொடங்கும்.

செம்மரமும் ஈட்டியும் பட்டா நிலத்தில் இருந்தால், வெட்டும் எண்ணம் வந்த நாளிலேயே வனச்சரக அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. ஈட்டிக்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். இத்தகைய மரங்களில் தவறு நடந்தால் கட்டையோடு ஏற்றிய வண்டியும் பறிமுதலாகலாம்.

பனை நம் மாநில மரம். 2021-ல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. பட்டா நிலத்துப் பனைக்கும் இது பொருந்தும். செங்கல் சூளைக்காரர் விலை பேச வந்தால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தேக்கு, வேம்பு, புளி, மா, பலா ஆகியவை சொந்தப் பட்டாவில், காட்டு எல்லையை விட்டுத் தள்ளி இருந்தால், வெட்டுவதைவிடக் கொண்டுபோவதில்தான் சிக்கல் வரும். தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968 முதல் நடப்பில் உள்ளன. சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தேக்குக்கு வி.ஏ.ஓ. சான்று, சிட்டா, அடங்கல் நகல்களோடு வனச்சரகரிடம் போக்குவரத்து அனுமதி வாங்கிவிட்டு லாரி ஏற்றுங்கள். ஓசூர் வழியாகக் கர்நாடகத்துக்குப் போகும் சுமை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய இணையவழிப் போக்குவரத்து அனுமதி முறை மாநிலம் தாண்டும் சுமைகளுக்குத்தான் பெரிதும் பயன்படுகிறது.

இரண்டு இடங்களில் பட்டா என்பதே போதாது. ஒன்று, 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலம். இரண்டு, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட கிராமம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் மலையடிவாரங்களில் நிலம் உள்ளவர்கள், தங்கள் புல எண் இந்தப் பட்டியல்களில் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களை ஒட்டிய ஊர்களுக்கு இது மிக முக்கியம்.

காப்புக்காட்டுக்குள் இருக்கும் மலைக் கிராமத்துக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, சாலை போன்ற அரசு வசதிகளுக்கு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைப் பரிந்துரையோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் தரலாம். அதில் ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. மலைச் சாலை கேட்கும் ஊர்கள் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும்

பொது இடத்து மரத்தை அகற்ற வேண்டும் என்றால், நிலத்தை வைத்திருக்கும் துறைக்கு ஒரு மனு, கோட்டாட்சியருக்கு ஒரு நகல், வனச்சரகருக்கு ஒரு நகல். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள். கிருஷ்ணகிரியில் கிருஷ்ணகிரி, ஓசூர். ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அரசு நிலத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகள் அந்தக் குழுவின் பார்வைக்குப் போகும். வனத்துறை மரத்தின் மதிப்பைப் போட்டுத் தரும், கட்டை ஏலத்தில் போகும், பணம் அரசுக் கணக்கில் சேரும். வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்றுகள் நட்டு வளர்க்கும் நிபந்தனையும் உத்தரவில் இருக்கும்.

மனு தள்ளுபடி ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அதில் விவரம் இருக்காது. "மரம் ஆபத்தாக உள்ளது" என்று ஒரு வரி எழுதினால் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். ஊர், புல எண், மரத்தின் பெயர், எத்தனை மரம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடா வைத்து அளந்த சுற்றளவு, எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, அதன் கீழே என்ன இருக்கிறது, இவற்றை எழுதுங்கள். நான்கு திசையிலிருந்தும் நான்கு படம், பழுதான இடத்தை நெருங்கி எடுத்த படம் ஒன்று. கேட்பது கிளை நீக்கமா, மரத்தையே அகற்றுவதா என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். கிளை நீக்கம் என்றால் எந்தக் கிளை என்று படத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அந்தச் சீட்டோடு போகலாம்.

கிராம சபைத் தீர்மானம் மனுவுக்கு வலு சேர்க்கும். அதுவே அனுமதி ஆகாது. தலைவர் கையெழுத்திட்ட தீர்மானத்தை நம்பி வெட்டிவிட்டு, 1992-ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கம்பி உரசும் கிளைக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகம்தான் முதல் இடம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, மின்பாதைக்கு இடையூறான மரத்தையோ கிளையையோ நீக்க நிர்வாக நடுவர் உத்தரவிட வழி செய்கிறது. மின்சாரத்தை நிறுத்தியதைக் கம்பியாளர் நேரில் உறுதி செய்யும் வரை ஆளோ, அலுமினிய ஏணியோ, ஈரக் கயிறோ கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது. பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

ஏறும் முன் கூடு பாருங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. கொக்கு, நாரை கூட்டமாகக் கூடு வைத்த மரமானால், குஞ்சு பறந்து போகும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். பழந்தின்னி வவ்வால் அடையும் ஆலமரத்துக்கும் இதே கவனம் வேண்டும். மலைத்தேனீயோ கதண்டோ இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், பந்தம் கொளுத்தாதீர்கள். பொந்துக்குள் தீ பிடித்தால் நூறு வருட மரம் ஓர் இரவில் உள்ளிருந்தே எரிந்துவிடும்.

அனுமதி கிடைத்த பிறகு: கிளையை எப்படிக் கழிப்பது

இங்கேதான் நல்ல மரங்கள் சாகின்றன. அனுமதி ஒரு கிளைக்கு இருக்கும், ஏறியவர் மொத்தத்தையும் மொட்டை அடித்துவிட்டு இறங்குவார். மொட்டை அடித்த மரத்தில் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். வெட்டிய முனையில் கொத்துக் கொத்தாகப் புதுக் கிளை வரும், ஆனால் அது பட்டையோடு மட்டும் ஒட்டி நிற்கும். சில வருடங்களில் கனம் ஏறியதும் சித்திரை வைகாசிச் சூறைக்காற்றில் அப்படியே பிய்ந்து விழும். ஆபத்தைக் குறைக்கச் செய்த வேலை அதைக் கூட்டிவிடும். ஒரே முறையில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வயதான மரமென்றால் அதிலும் பாதி போதும்.

கை பருமனுக்கு மேற்பட்ட கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, பருமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது வெட்டு அதற்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை இங்கே முறிந்து விழும். முதல் வெட்டு இருப்பதால் பட்டை அடிமரம் வரை உரிந்துகொண்டு போகாது. மீதி நிற்கும் குச்சத்தை மூன்றாவது வெட்டில் எடுங்கள். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போலப் புடைப்பு ஒன்று இருக்கும். அந்தப் புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். புடைப்பையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாமல் உள்ளே உளுக்கும். ஒரு சாண் குச்சம் விட்டாலும் அது காய்ந்து, அதன் வழியே உளுப்பு உள்ளே இறங்கும். கனமான கிளையை வெட்டும் முன் மேல் கவையில் வடம் போட்டுக் கட்டி, கீழே இருவர் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். கொடுவாளால் கொத்துவதைவிட ரம்பத்தால் அறுத்த காயம் விரைவில் மூடும்.

காயத்தில் சிமென்ட், தார், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள். ஈரம் உள்ளே தங்கிவிடும். மாமரத்துக்கு மட்டும் போர்டோ பசை பூசுவது வழக்கம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசிவிடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, மாமரத்துக்கு அறுவடை முடிந்த ஆடி வாக்கில், புளிக்கு உலுக்கி முடித்த பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய காயம் எந்த மரத்துக்கும் வேண்டாம். பனையில் காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். அதற்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரமே போனது. ஆலின் விழுது தரையைத் தொட்டுவிட்டால் அது தூண். வண்டி போக இடைஞ்சல் என்று அதை வெட்டினால் மேலே நிற்கும் கிளையைத் தாங்க ஆளில்லை.

வேம்புக்கு ஒரு தனி எச்சரிக்கை. பனிக்காலத்தில் நுனித் தளிர்கள் கருகி, மரமே தீயில் வாட்டியதுபோல் காய்ந்து நிற்பதைச் சில வருடங்களில் பார்க்கலாம். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சாணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. பட்டுப்போனது என்று மனு எழுதிவிடாதீர்கள். சுண்டுவிரல் பருமனுள்ள கொப்பில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. பெரும்பாலான வேம்புகள் கோடையில் திரும்பத் துளிர்த்துவிடுகின்றன.

பொந்து விழுந்த மரமும் உடனே விழப்போகும் மரமல்ல. மரத்தின் பலம் வெளிக் கூட்டில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள நல்ல மரத்தின் கனம், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பொதுவாக நிற்கும். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: அடிமரத்தைச் சுற்றி மண் ஒரு பக்கம் எழும்பி வெடித்திருப்பது, சாய்வு திடீரென்று கூடியிருப்பது, வேர்க்கழுத்தில் காளான் முளைப்பது, கவட்டையில் புது விரிசல். இவற்றில் ஒன்றைக் கண்டால் அடியில் வண்டி நிறுத்துவதையும் சந்தை கூடுவதையும் அன்றே தடுத்துவிட்டு, தாசில்தாருக்குச் சொல்லுங்கள்.

வேரைத் தொடும் வேலைகள்

கிளையை வெட்டினால் ஊரே பார்க்கும். வேரை வெட்டினால் மரம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் காயும், காரணம் யாருக்கும் தோன்றாது. குடிநீர்க் குழாய்ப் பள்ளம், கான்கிரீட் தெரு, மரத்தடி மேடை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன.

மார்பளவுச் சுற்றளவைப்போல் நான்கு மடங்கு தூரம் வரை மரத்தின் வேர் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு இரண்டரை மீட்டர் என்றால் சுற்றிலும் பத்து மீட்டர். அந்த வட்டத்துக்குள் பொக்லைன் வேண்டாம். குழாய் வேறு வழியில் போக முடியாவிட்டால் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தோண்டி, இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வேரை விட்டு அதன் அடியில் குழாயை நுழையுங்கள். தவிர்க்க முடியாமல் அறுத்த சிறு வேரை ரம்பத்தால் நேராக அறுத்து, அன்றே மண் மூடித் தண்ணீர் விடுங்கள். பொக்லைன் பல்லில் பிய்ந்த வேர் அழுகும்.

அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் நாகர் மேடைகளைப் புதுப்பிக்கும்போது, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது வெறும் மண்ணாக விடச் சொல்லுங்கள். அடிமரத்தை ஒட்டி அரை அடி மண் ஏற்றினாலே வேர்க்கழுத்தில் காற்றில்லாமல் பட்டை அழுகத் தொடங்கும். டைல்ஸ் ஒட்டுவதைவிட, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கினால் தண்ணீர் இறங்கும். சீரியல் விளக்குக்கு ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டி, திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்காத கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

புயலில் பொது மரம் சாய்ந்துவிட்டால் வழியை மட்டும் திறந்துவிட்டு, படம் எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கு அன்றே தகவல் கொடுங்கள். கட்டையை ஓரமாக அடுக்கி வையுங்கள், எடுத்துப் போகாதீர்கள். விழுந்த மரமும் அரசாங்கத்தின் மரம்தான். வேர் பாதி மண்ணில் பிடித்திருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நடுத்தர அளவுள்ள ஆல், அரசு, பூவரசு ஆகியவற்றைக் கிளை குறைத்து, கிரேன் வைத்து நிமிர்த்தி, வேர்க்குழியை மண்ணால் இறுக்கி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, வாரம் இரு முறை தண்ணீர் விட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். சாய்ந்த மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், அதுவரை வேரின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.